வணக்கம், மாதம்மாள்

தூக்குப் பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டு வந்தது சரசம்மாவின் தப்புதான். சம்பளப் பணம் கைக்கு வந்த சந்தோஷத்தில் அதை ஏ.டி.எம். வாசற்படியிலேயே விட்டுவிட்டாள். பாதி தூரம் நடந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. திரும்பி வந்தபோது மணி ஆறரை இருக்கும். சிப்காட் ரோட்டில் மின்வெட்டு. இரண்டு பக்கமும் கம்பெனிகளின் ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருக்க, பேட்டரியில் எரிந்த அந்தக் கண்ணாடி அறை மட்டும் இருட்டுக்குள் வெளிச்சமாக நின்றது.

உள்ளே மேஸ்திரி கோவிந்தப்பன் தனியாக இருந்தார். முப்பது பெண்களுக்கும் சம்பளம் எடுத்துக் கொடுத்து அனுப்பிய பிறகு அவருக்கு அங்கே என்ன வேலை என்று அவள் யோசிக்கவில்லை. அவர் வலது கையை மூடி, மூடிய கையை வாயருகே கொண்டுபோய், ஹா, ஹா என்று மூன்று தடவை ஊதினார். குளிரில் கையைச் சூடேற்றுகிற மாதிரி இருந்தது. புரட்டாசி மாசத்திலேயே இவருக்குக் குளிருகிறதா என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. குனிந்து தூக்கை எடுத்தாள்.

அப்போது இயந்திரம் பேசியது.

“வணக்கம்,” என்றது வங்கிக்காரப் பெண்ணின் குரல். அதை ஒட்டி இன்னொரு குரல், கூச்சத்தோடு, முடியும் இடத்தில் சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னது: “மாதம்மாள்.”

சரசம்மா குனிந்தபடியே நின்றுவிட்டாள். அது மாதம்மாளின் குரல். அவளோடு ஒரே அறையில் ஒன்றரை வருஷம் படுத்து எழுந்தவள். இரண்டு மாதத்துக்கு முன், இரவு வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பெங்களூர் லாரி டிரைவர் ஒருவனோடு ஓடிவிட்டாள் என்று மேஸ்திரிதான் வந்து சொன்னார். அப்படி ஓடிப்போனவள் இந்த அறைக்குள் எங்கே நிற்கிறாள்? கண்ணாடிக்குப் பின்னால் மேஸ்திரியைத் தவிர ஒரு நிழல்கூட இல்லை. அவர் கொதிநீர் பட்டவர்போலத் துள்ளி, பொத்தான்களைக் கண்டபடி குத்திக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. அவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“யாரு, சரசம்மாவா? இங்க என்னா பண்ற?”

“தூக்க மறந்துட்டுப் போயிட்டேன் மேஸ்திரி.”

“எப்ப வந்த?”

“இப்பத்தான்.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டு, கையில் இருந்த ஒரு சின்னச் சுண்ணாம்பு டப்பாவை மூடிச் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். ஊசி போடுவதற்கு முன்னால் கையில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை ஒரு கணம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். டயர் கடையைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது, மேஸ்திரிக்கு வெற்றிலை போடுகிற பழக்கம் கிடையாது.

அந்த இயந்திரம் வந்தது அந்த வருஷம் ஆனி மாதத்தில். எழுதப் படிக்கத் தெரியாத ஒப்பந்தத் தொழிலாளிகளுக்காகவே வைத்தது என்றார்கள். ரகசிய எண்ணெல்லாம் வேண்டாம், கார்டைச் சொருகிப் பெருவிரலை வைத்தால் போதும். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எதை அழுத்தினாலும் அந்த மொழியில் வாய்விட்டுப் பேசும். இங்கிலீஷை அழுத்தினால் மட்டும் பேசாது, படித்தவர்களுக்காக வெறும் எழுத்து ஓடும். வங்கியிலிருந்து சுப்ரியா என்ற பெண் கேன்டீனுக்கு வந்து எல்லோருடைய விரலையும் பதிந்துகொண்டாள். சின்ன மைக் ஒன்றை நீட்டி, “உங்க பேரை நீங்களே சொல்லுங்கம்மா, மிஷின் உங்க குரல்லயே உங்களைக் கூப்பிடும்” என்றாள். முப்பத்தொரு பெண்களும் வெட்கப்பட்டுத் திணறினார்கள். சரசம்மா வயலுக்கு அந்தப்பக்கம் நிற்பவளைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினாள். மாதம்மாள் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். சிரிப்பு முழுசாக வெளிவருவதற்குள் சுப்ரியா பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அந்தக் குரல்களை யாரும் கேட்டதில்லை. முதல் சம்பள நாளிலேயே கோவிந்தப்பன் எல்லா கார்டுகளையும் வாங்கி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டார். “தமிழ் கெட்டுப்போச்சு, கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கேன்” என்றார். ஒவ்வொருத்தியோடும் அவரே உள்ளே போவார், இங்கிலீஷை அழுத்துவார், விரலை வைக்கச் சொல்வார், வந்த பணத்தில் கொஞ்சத்தை ஒதுக்கிக்கொண்டு மீதியைத் தருவார். எவ்வளவு வந்தது என்று திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள யாருக்கும் வழியில்லை. யாருடைய கார்டு எது என்று தெரிய, ஆளுக்கொரு நிறத்தில் நெற்றிப்பொட்டை எடுத்துக் கார்டில் ஒட்டியிருந்தார்கள். சரசம்மாவுக்குச் சிவப்பு. மாதம்மாளுக்குப் பச்சை.

வீட்டுக்கு வந்ததும் அறையில் கூட இருக்கும் வெங்கடம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெங்கடம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“வேற யாருதாச்சும் குரலா இருக்கும்டி.”

“அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதாக்கா?”

“தெரிஞ்சா என்னா? பேசாம இரு. ஒரு வார்த்த எக்குத்தப்பாப் போச்சுன்னா நாளைக்கி நம்மளயும் லாரிக்காரனோட அனுப்பிச்சிடுவான்.”

மூலையில் மாதம்மாளின் டிரங்குப் பெட்டி இருந்தது. சாமல்பட்டியில் தன் அம்மாவிடம் விட்டிருந்த மகளுக்காக வாங்கிய பாவாடைத் துணி, மடிப்புக் கலையாமல் அதற்குள் கிடந்தது. அதை விட்டுவிட்டு எவளாவது ஓடுவாளா? இந்தக் கேள்வி இரண்டு மாதமாகக் கண்ணெதிரே இருந்தும் சரசம்மா கேட்டதில்லை. ‘சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாளே சிறுக்கி’ என்று திட்டிவிட்டு, கொடியில் அவள் துணி காய்ந்த இடத்தில் தன் புடவையைக் காயப்போட்டுக்கொண்டாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. பயத்தைவிட அந்த வெட்கம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. அவள் தன் பெருவிரலைத் தடவிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். ஆடி வெள்ளிக்கு அவள்தான் மருதாணி அரைத்தாள். மாதம்மாளின் கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலுக்கும் தொப்பி மாதிரி வைத்துவிட்டாள். அதற்கு நாலாவது நாள்தான் மாதம்மாள் காணாமல் போனாள்.

மறு வாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனாள். சுப்ரியாவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

“ஏம்மா, வெரல் வெக்காம மிஷின் பேர் சொல்லுமா?”

“சொல்லாதும்மா. உங்க விரல் கண்ணாடில பட்டாத்தான் அதுக்கு நீங்க யாருன்னு தெரியும்.”

“வேற யாராச்சும் வெரல் வெச்சா?”

“வாங்கிக்காது. உங்க கார்டுக்கு உங்க விரல்தான்.”

“தமிழ் கெட்டுப்போச்சுன்னாங்களே?”

“யாரு சொன்னது? நல்லாத்தான் பேசுது. முன்னாடி இங்கிலீஷ் மேல இருந்துச்சு, தமிழ் கடைசில இருந்துச்சு. ஜனங்க கேட்டாங்கன்னு போன மாசக் கடைசில தமிழை மேல கொண்டு வந்துட்டோம்.”

சரசம்மாவுக்கு விளங்கியது. மேஸ்திரி திரையைப் பார்த்து அழுத்துகிறவர் இல்லை. கை பழகிய இடத்தில், மேல் பொத்தானில், தன்பாட்டில் போய் விழும். பெண்களுக்குச் சம்பளம் எடுத்தபோதெல்லாம் அவர்கள் பக்கத்தில் நின்றதால் கவனமாகப் பார்த்து அழுத்தியிருக்கிறார். கடைசியில் தனியாக நின்றபோது கை பழைய இடத்துக்குப் போய்விட்டது.

மாதம்மாளைப் பற்றிச் சரசம்மா அரைகுறையாகச் சொன்னாள். எழுதிக் கொடுங்கள், மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றாள் சுப்ரியா. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மேஸ்திரியின் பைக் நிற்பதைச் சரசம்மா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மிஷின் பேசியது என்று ஒப்பந்தக் கூலிக்காரி ஒருத்தி போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். கேட்டது அவள் ஒருத்தி. முப்பது பேரும் கேட்டால்? முப்பது பேரையும் என்ன சொல்லி அடக்குவார்கள்? அந்த எண்ணத்தை ஒதுக்கிவிடப் பார்த்தாள். இருந்தாலும் அது போகவில்லை. அடுத்த சம்பள நாளான ஏழாம் தேதிவரை, ஷெட்டில் வார்ப்பு இரும்பைத் தேய்க்கும்போதும், சோறு தின்னும்போதும், அது அவளோடேயே இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஏழாம் தேதி வேலை முடிந்து வரும்போதே ரோடு முழுக்க இருட்டு. ஈர மண்ணின் வாடையும் டீசல் புகையும், இரும்பு உருக்கும் ஃபவுண்டரிப் பக்கமிருந்து வரும் கருகிய மணலின் நெடியும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டின. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏ.டி.எம். வாசலில் வரிசையாக நின்றார்கள். தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிய விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, புடவையில் துடைத்து, மறுபடி தடவிக்கொண்டார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஏ.சி. காற்று வெளியே வந்து காலில் பட்டது. அதற்குள் மெல்லிசாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு, ஸ்பிரிட் வாசனை இருந்தது.

ஒருத்தி உள்ளே போனாள். ஒருத்தி வெளியே வந்தாள். இயந்திரம் ஊமையாகப் பணத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

சரசம்மா கடைசியில் நின்றாள். “யாரும் போயிடாதீங்க, கொஞ்சம் இருங்க” என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி வைத்திருந்தாள். எதற்கென்று சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்க வேறு இடம் இல்லாததால் பெரும்பாலானவர்கள் அங்கேயே தகரக் கூரைக்கடியில் நின்றார்கள். ஓடிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஓடினால் மாதம்மாள் லாரிக்காரனோடு ஓடியவளாகவே சாகிறவரை இருப்பாள். அவள் மகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வளரும். அதை நினைத்ததும் பயத்துக்கு மேலே ஒரு கோபம் வந்து உட்கார்ந்தது.

வெங்கடம்மாள் பணத்தோடு வெளியே வந்து அவள் கையைப் பிடித்தாள். “வேணாம்டி சரசு.”

“விடுக்கா.”

உள்ளே போனாள். போகும்போதே ஒரு செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் சொருகினாள். கதவு மூடவில்லை. மழைச் சத்தம் உள்ளே வந்தது.

மேஸ்திரி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கார்டுக் கட்டு பலகையில் கிடந்தது. சிவப்புப் பொட்டு கார்டை எடுத்துச் சொருகினார். திரையில் நாலு வரி வந்தது. அறிவொளி வகுப்பில் மூன்று மாதம் எழுத்துக் கூட்டிப் படித்தவள் சரசம்மா. முதல் வரியில் மூன்று எழுத்து. த. மி. ழ்.

அவர் கை கீழ் பொத்தானுக்குப் போனது. அவள் அதைத் தட்டிவிட்டு மேல் பொத்தானை அழுத்தினாள்.

“பெருவிரலைக் கண்ணாடி மீது வைக்கவும்,” என்றது இயந்திரம். நல்ல சத்தமாக.

“ஏய்! என்னாடி பண்ற?”

அவள் பெருவிரலை வைத்தாள். விரல் வைக்கும் கண்ணாடி கூரை ஓடு மாதிரி சரிவாக இருக்கும். எண்ணெய் விரல் வழுக்கியது. முதல் தடவை தெரியவில்லை என்றது. மறுபடி அழுத்திப் பிடித்தாள்.

“வணக்கம்,” என்றது. தொடர்ந்து அவள் குரலிலேயே, வயலுக்கு அந்தப்பக்கம் கேட்கிற மாதிரி: “சரசம்மா!”

வெளியே பேச்சு நின்றது. பிறகு யாரோ, “ஏய், தமிழ் பேசுதுடி!” என்றாள். ஈரக் கால்கள் வாசலுக்கு ஓடி வரும் சத்தம். அவளுடைய சம்பளம் எவ்வளவு என்று இயந்திரம் ஊரறியச் சொன்னது. இத்தனை மாதம் கையில் வந்ததைவிட அது எவ்வளவு அதிகம் என்று வாசலில் நின்றவர்கள் மூச்சை இழுத்துக்கொண்டதிலேயே தெரிந்தது. அவள் பணத்தை ரவிக்கைக்குள் திணித்துக்கொண்டு, கட்டுக்குள் கையை விட்டாள்.

பச்சைப் பொட்டு இருந்தது. அடியில்.

“அத வெய்யி,” என்றார் மேஸ்திரி. குரல் தணிந்திருந்தது. “சரசம்மா, சொன்னா கேளு. வெய்யி.”

அவள் அதைச் சொருகினாள். மேல் பொத்தான்.

“பெருவிரலைக் கண்ணாடி மீது வைக்கவும்.”

சரசம்மா வாசல் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். “இது மாதம்மா கார்டு. போன மாசம் இதுல இந்தாளு பணம் எடுத்தான். நானே பாத்தேன். வெரல் வெக்காம எடுக்க முடியாது. யாரு வெரலுன்னு கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை. இயந்திரம்தான் கேட்டது.

“பெருவிரலைக் கண்ணாடி மீது வைக்கவும்.”

“கேன்சல் பண்ணு,” என்றார் அவர். “கேன்சல்...” பொத்தான் பக்கம் பாய்ந்தார். அவள் குறுக்கே நின்றாள். அவர் தள்ளினார். சுவரில் தலை இடித்தது. வலி. அவள் கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. வெங்கடம்மாள் உள்ளே வந்து அவர் தோளைப் பிடித்தாள். இன்னும் இரண்டு பேர். பை கிழிந்தது.

டப்பா தரையில் விழுந்தது. உருண்டது. சுவரோரம் போய் நின்று மூடி கழன்றது.

வாசனை. அறை முழுக்க.

“பேடா,” என்றார் மேஸ்திரி. வேண்டாம் என்று சொல்ல, அவர் வீட்டில் பேசுகிற கன்னடம் வந்துவிட்டது. “பேடா, பேடா, தொடாத...”

பஞ்சு. நனைந்த பஞ்சு. அதற்குள் ஒன்று.

வெங்கடம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வாசலில் நின்றவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. சிலர் எட்டிப் பார்த்தார்கள். நாளைக்கு, மேஸ்திரியும் போலீசும் வேறு ஏதோ என்று சொல்லிவிடுவார்கள். ஆட்டுக்கால் என்பார்கள். மருந்து என்பார்கள். சரசம்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஓடிப்போக வேண்டும்போல இருந்தது. கத்த வேண்டும்போல இருந்தது.

குனிந்து எடுத்தாள்.

சில்லென்று இருந்தது. கனமில்லை. ஆடி வெள்ளியன்று இதே விரலை, இதே மாதிரி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டுதான் மருதாணி வைத்தாள். அன்றைக்கு இது ஓரிடத்தில் நிற்காமல் கூசிக் கூசி நெளிந்தது.

“பெருவிரலைக் கண்ணாடி மீது வைக்கவும்.”

உள்ளங்கையில் வைத்து மூடினாள். வாயருகே கொண்டுபோனாள். ஹா. கண்ணீர் வழிந்தது. ஹா. மேஸ்திரி மூலையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹா.

கண்ணாடி மேல் வைத்து அழுத்தினாள்.

உயிரோடு இருந்தபோது மாதம்மாளின் விரலை இயந்திரம் மூன்றாவது தடவைதான் வாங்கும். இப்போது உடனே வாங்கிக்கொண்டது.

“வணக்கம்,” என்றது. “மாதம்மாள்.”

அந்தக் கூச்சம். அந்தச் சிரிப்பு. வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருத்தி ‘அய்யோ’ என்று அலறினாள். சுப்ரியா பாதியில் நிறுத்திய இடத்தில் சிரிப்பு நிற்கவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது, முழுசாக, வாய்விட்டு, மருதாணி வைத்த அன்று மடியில் கையை வைத்துக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு. மேஸ்திரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“விரலை எடுக்கலாம்,” என்றது இயந்திரம்.

சரசம்மா தன் கையை எடுத்தாள். அவளுடைய பெருவிரல் நகத்தில் ஆடி மருதாணி வளர்ந்து தேய்ந்து, நுனியில் கீற்றாக மட்டும் மிஞ்சியிருந்தது.

மாதம்மாளின் விரல் விழவில்லை. சரிவான கண்ணாடியில், பிடிக்க ஒரு கை இல்லாமல், அழுத்தி நின்றது. அடியிலிருந்து வந்த சிவப்பு வெளிச்சத்தில் அதன் நகம் அடிமுதல் நுனிவரை, வைத்த அன்றுபோலவே, சிவந்திருந்தது.

“விரலை எடுக்கலாம்.”

அது எடுக்கவில்லை.